ஆலோசகரின் கோட்

மனிதருக்குப் பதவி உயர்ந்தால் தோளில் பட்டி கூடுவதை ஊரே பார்க்கும். இடுப்புக் கூடுவது தையற்காரனுக்குத்தான் தெரியும். வவுனியாக் கடைத்தெருவில் இருந்த என் சின்னக் கடைக்கு வந்துபோன ஒரு விமானப்படைப் பெரியவரின் உத்தியோக வாழ்க்கையை நான் அந்த வழியாகத்தான் அறிந்துகொண்டேன். கடைசியில் அவர் அரசாங்கத்தில் மிகப் பெரிய இடத்தில் இருந்த ஒருவருக்கு அரசியல் ஆலோசகராகப் போனார். அவருக்கு நான் கடைசியாகத் தைத்த கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோட் நன்றாகத்தான் வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் முதன்முதலில் வந்தது, சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லி, வடக்கே வன்னிக்குப் போகிற பாதையைத் திறந்த வருடம். அப்போது இங்கே இருந்த படைமுகாமுக்கு அவர்தான் பொறுப்பு. பின்னேரம் ஏதோ வைபவம், காற்சட்டை இடுப்பில் பூட்டுப்படவில்லை, அவருடைய தையற்காரரோ கொழும்பில். ஜீப் கடை வாசலில் வந்து நின்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். துவக்கோடு இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் உயரமான ஒரு மனிதர், காற்சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி வெட்கத்தோடு இறங்கினார். பயம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை எடுத்து விட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து மூச்சை விட்டார். அதற்குப் பிறகு இங்கே இருந்த காலத்திலும், மாற்றமாகிப் போனபின் வடக்கே வருகிற போதெல்லாமும் எங்கள் கடைதான்.

நான் கதைத்த சிங்களம் அவருக்குப் பிடித்திருந்தது. எங்கே பழகினாய் என்று கேட்டார். முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்களை, படையோடு சண்டை பிடித்த தமிழ் இயக்கம் எழும்பிப் போகச் சொன்னபோது எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டிலில் சில வருடம் இருந்ததையும், பசி எந்த மொழியையும் சுறுக்காகப் படிப்பிக்கும் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியில் தன் முழங்கையைப் பார்த்தபடி, “உன் ஊர் எனக்கு நன்றாகத் தெரியும்” என்றார். அவர் கால் அந்த மண்ணில் பட்டதில்லை. இளவயதில் விமானம் ஓட்டிக்கொண்டு மேலால் போயிருக்கிறார். கடலேரி எப்படி வளையும், எங்கே தென்னை முடிந்து காடு தொடங்கும், எந்தக் குளம் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் சரி. எனக்கு ஆத்திரமும் வந்தது, இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்ற ஆசையும் வந்தது. என் வீட்டைக் காண எனக்கு வழியில்லை, இந்த மனுசன் மேலே நின்று கண்டிருக்கிறார்.

எங்களை எப்போது ஊருக்குப் போக விடுவார்கள் என்று ஒருமுறை கேட்டேன். என் தோளைத் தட்டினார். “அது அரசியல். நான் சிப்பாய். அரசியல்வாதிகளைக் கேள்.” நியாயமான பதில் என்றுதான் எனக்கும் பட்டது.

கடையில் என்னோடு வெட்டுக்கு நின்றவன் ஒரு தமிழ்ப் பொடியன். பொடியன் என்று நான் சொல்கிறேன், அப்போதே அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவனுடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஒரு குளத்துக்குக் கீழே வயற்காணி பெற்றுக் குடியேறிய ஆட்கள். வயல் அவனுக்கு ஒத்துவரவில்லை. நெளுக்குளத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கடைக்கு வருவான். நான் அவனைத் தம்பி என்பேன், எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவன் என்னை நானா என்பான். கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்காது. வாய் மட்டும் சும்மா இராது. மனதில் உள்ளதை உள்ளபடி கொட்டிவிடுவான், வாடிக்கையாளர் கறுப்பா சிவப்பா என்று பார்க்கமாட்டான்.

பாதை திறந்திருந்த காலத்தில் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பெண் நூலும் பொத்தானும் வாங்க வருவாள். வந்தவளைக் கொண்டு ஒருநாள் ஒரு சேர்ட்டுக்குக் காலர் வைப்பித்துப் பார்த்தேன். இரண்டு நுனியும் ஒரே அளவில் ஊசி மாதிரி நின்றன. நான் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தம்பி கவிழ்ந்தே போனான். கலியாணம் முடித்து நெளுக்குளத்திலேயே ஒரு வீடு எடுத்தார்கள், கொஞ்சக்காலம் அவளும் எங்கள் கடையில் தைத்தாள். எனக்கு அவள் சொந்தத் தங்கச்சி மாதிரி. தன் மனைவி தன்னைவிட நல்ல தையற்காரி என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தம்பி சொல்லுவான். தையற்கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வாயில் முதலில் வருவது அவருடைய தையல்தான்.

முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் எல்லாச் சனத்துக்கும் உள்ள வழக்கம். அவளும் ஒட்டுசுட்டானுக்குப் போனாள். பெண்பிள்ளை. முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற அன்றைக்குத் தம்பி போய்ப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். இரண்டொரு மாதம் பொறுத்துக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கியது. உள்ளே இருந்து வெளியே வர, அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் பாஸ் வேண்டும், அது கிடைக்கவில்லை. இங்கிருந்து உள்ளே போகவும் வழியில்லாமல் போயிற்று. மாதம் வருடமானது. செஞ்சிலுவைக்காரர் மூலம் ஒரு படம் வந்தது. பிள்ளை எழும்பி நிற்கிறது, பின்னால் தாயின் கை மட்டும் தெரிகிறது. தம்பி அந்தப் படத்தை எங்கள் இரண்டு பேரின் மெஷினுக்கும் நடுவில் ஒட்டி வைத்தான்.

பெரியவருக்கு அந்த வருடங்கள் நன்றாக இருந்தன. கொழும்புக்கு மாற்றம், தோளில் இன்னொரு பட்டி, இடுப்பில் இன்னும் ஒரு அங்குலம். பிறகு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் வீட்டில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அடுத்த தடவை வாகனம் மட்டும் மாறி வந்து இறங்கினார். சீருடை இல்லை. வெள்ளைச் சேர்ட்டும் கறுத்தக் காற்சட்டையும். அரசியல் ஆலோசகர் என்றார்கள். அது என்ன வேலை சேர் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. “முந்தி நான் சொன்னால் செய்வார்கள். இப்போது நான் சொன்னால் தேத்தண்ணி தருவார்கள்.” ஆனால் அவர் வந்து இறங்கியபோது எங்கள் தெருவில் இருந்த காவலரண்காரர்கள் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்தால் வெறும் தேத்தண்ணி விசயமாகத் தெரியவில்லை.

சண்டை முடிந்த வருடம் சனத்தை வரிசை வரிசையாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து செட்டிகுளம் பக்கம் காட்டை வெட்டிக் கூடாரம் போட்டு வைத்தார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி. தம்பி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகாமாக அலைந்தான். ஒருநாள் மத்தியானம் கடைக்குள் வந்து, கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் செத்தவீடு என்று நினைத்துவிட்டேன். “நானா, இருக்கினம். ரெண்டு பேரும் இருக்கினம்” என்றான்.

அடுத்த முறை நானும் போனேன். இந்தப் பக்கம் ஒரு வேலி, அந்தப் பக்கம் ஒரு வேலி, நடுவில் வெறும் நிலம். இரண்டு பக்கமும் சனம் நெருக்கியடித்து நின்று கத்தியது. யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. தங்கச்சி கறுத்து மெலிந்து போயிருந்தாள், இடுப்பில் பிள்ளை. என்னைக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினாள்.

“எப்பிடித் தங்கச்சி இவ்வளவு காலமும் சமாளிச்சனீ?” என்று நான் கத்தினேன்.

“தைச்சுத்தான் நானா. தைக்கத் தெரிஞ்ச ஆக்களை எல்லாம் ஒரு இடத்தில இருத்தித் தைக்க விட்டவை. தந்ததைத் தைச்சுக் குடுத்து அரிசி வாங்கினனான். உங்கட கடையில பழகின கைதான் எங்களைக் காப்பாத்தினது.”

எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன தைத்தாள் என்று நானும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் இயக்கத்துக்குத்தான் தைப்பார்கள் என்பது வன்னியில் எவருக்கும் தெரிந்த கதை. யாருடைய உடுப்பாக இருந்தாலும் காலர் காலர்தான், அரிசி அரிசிதான். எங்களுக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை.

பெரிய ஆள் ஒருவர் சொன்னால் விடுகிறார்களாம் என்று ஊரில் கதை உலாவியது. எனக்குத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர்தான். அந்த நேரம் பார்த்து அவரும் வந்தார். முகாம்களைப் பார்வையிட வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு அடிக்கடி வவுனியாவுக்கு வரவேண்டியிருந்ததாம். கொழும்பில் பெரிய வைபவம் ஒன்று இருக்கிறது, நல்ல கோட்டும் காற்சட்டையும் தைக்க வேண்டும் என்று துணியைத் தந்தார். சாம்பல் நிறம், உள்ளங்கையில் வைத்தால் நழுவிப்போகிற சாமான். அளவெடுத்தபோது நான் தங்கச்சியின் கதையை எடுக்கவில்லை. கோட்டை நூலோட்டி, முழுக்கத் தைக்காமல், உடம்பில் போட்டுச் சரிபார்க்கும் நாள் ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் ஃபிட்-ஒன் என்போம். அன்றைக்கு மனிதர் கண்ணாடிக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றே ஆகவேண்டும். எப்படிப்பட்ட அதிகாரியும் நான் கையைத் தூக்கு என்றால் தூக்குவார், திரும்பு என்றால் திரும்புவார். கேட்பதற்கு அதுதான் நேரம் என்று முடிவு செய்தேன்.

தம்பிக்கு நன்றாகச் சொல்லி வைத்தேன். “நீ ஒண்டும் கதைக்காத. முகத்தைக் காட்டிக்கொண்டு நில். நான் கதைக்கிறன்.”

“ஓம் நானா, நான் ஏன் கதைக்கிறன்” என்றான்.

பெரியவர் நல்ல மனநிலையில் வந்தார். தோள் சரியாக விழுந்திருந்தது, அதில் அவருக்குச் சந்தோசம். நான் மெல்லத் தொடங்கினேன். இவன் என்னோடு வேலை செய்கிறவன், மனைவியும் பிள்ளையும் முகாமில், பிள்ளைக்கு மூன்று வயது, தகப்பனைத் தெரியாது, நெளுக்குளத்தில் வீடு இருக்கிறது, நான் பொறுப்பு நிற்கிறேன். சொல்லிக்கொண்டு போக அவர் முகம் கொஞ்சம் இறுகியது. “அது பாதுகாப்பு விசயம். நான் இப்போது சீருடையில் இல்லை, வெறும் ஆலோசகர்” என்றார். சீருடையில் இருந்தபோது அரசியலைக் கைகாட்டினவர் அரசியலுக்கு வந்து சீருடையைக் கைகாட்டுகிறார் என்று எனக்குள் எரிந்தது. எரிந்ததை விழுங்கிக்கொண்டு, “சேர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றேன். அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் நின்ற நிலையைப் பார்த்தால் கல்லும் இளகும். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் இளகினார். “சரி, முகாமுக்குப் பொறுப்பானவரோடு கதைக்கிறேன்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் குண்டூசிகளை உதட்டுக்கிடையில் வைத்துக்கொண்டு, காற்சட்டையின் கால்மடிப்பைச் சரிபார்க்க முழங்காலில் இருந்தேன். நாலைந்து ஊசி வாயில் இருக்கும்போது தையற்காரன் கதைக்கமாட்டான். அது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

மேலே பெரியவர், சும்மா ஒரு மரியாதைக்காகத்தான் என்று நினைக்கிறேன், தம்பியிடம் நேரே கேட்டார். “உன் மனைவி என்ன செய்கிறாள்? படித்தவளா?”

தம்பிக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். அவ்வளவு நேரமும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவனுக்குத் தன் மனைவியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைத்துவிட்டது. “என்னைவிட நல்லாத் தைப்பா, சேர். சோம்பேறி இல்லை. உள்ளுக்கு இருந்த முழுக்காலமும் தைச்சுக்கொண்டுதான் இருந்தவ.”

நான் அவன் காலைக் கிள்ளக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

“உள்ளே இருந்தா? அங்கே என்ன தைத்தாள்?”

பெரியவரின் குரல் மாறவில்லை. அதே அன்பான குரல்தான். ஆனால் நான் பிடித்திருந்த அவருடைய கால் அசைவில்லாமல் நின்றது, அதுவரை அவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தவர். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்ப வேண்டும், ஊசியைத் துப்ப வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை என்று எதையாவது சொல்ல வேண்டும். ஊசியைக் கையில் எடுப்பதற்குள் தம்பி சொல்லி முடித்துவிட்டான்.

“குடுத்ததைத் தைச்சவ, சேர்.”

ஒரு பொய்யும் இல்லாத வசனம். பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார். கையின் நீளம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். போகிறபோது தன்னோடு வந்த அதிகாரியைக் கூப்பிட்டு, தாயின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். தம்பி இரண்டு பெயரையும் தெளிவாக, எழுத்துப் பிழைக்காமல் இருக்க வேண்டுமென்று திருப்பித் திருப்பிச் சொன்னான்.

வாகனம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “பேர் கேட்டவர் நானா. பேர் கேட்டால் செய்வார்தானே?” நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? என் பயத்தைச் சொல்லியிருந்தால் அவன் உடைந்திருப்பான், நடந்ததும் மாறியிருக்காது. ஒருவேளை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் இருந்தது. அல்லாவே, நான் பிழையாக நினைத்ததாக இருக்கட்டும் என்று தொழுகையில் கேட்டேன்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. முகாம் வாசலுக்கு வரச் சொன்னார்கள். தம்பி மனைவிக்கு ஒரு சேலையும் பிள்ளைக்குச் சட்டையும் வாங்கினான், வீடு கூட்டிக் கழுவினான், பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சமைப்பித்தான். நான் கடையைப் பூட்டிவிட்டு வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கூடப்போனேன். என் பயமெல்லாம் கரைந்துபோனது. மனுசனைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு பெண் சிப்பாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் மற்றக் கையில் ஒரு பை. பின்னால் யாரும் வரவில்லை. தம்பி பிள்ளையைப் பார்க்காமல் பிள்ளைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றான்.

தாய் எங்கே என்று நான் கேட்டேன். விசாரணை இருக்கிறதாம், இரண்டு நாளுக்கு முன்னம் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எந்த இடம்? அது தனக்குத் தெரியாது என்றாள். எப்போது விடுவார்கள்? அதுவும் தெரியாது. அவளும் சின்னப் பெண்தான், எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். பிள்ளைக்கு நாங்கள் யாரென்று தெரியாது. தம்பி தூக்கப்போக அது அலறிக்கொண்டு அந்தச் சிப்பாயின் காற்சட்டையைக் கட்டிப்பிடித்தது. இரண்டு பேராகச் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தோம்.

வானில் வரும்போது பிள்ளை அழுது களைத்து என் மடியில் படுத்துவிட்டது. போட்டிருந்தது தாயின் பழைய பாவாடையில் வெட்டிய சட்டை. மெஷின் இல்லை, எல்லாம் கைத்தையல். தம்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தான். நெளுக்குளத்துக்குத் திரும்புகிற இடத்தில்தான் கேட்டான்.

“நானா, அவ தைப்பா எண்டுதானே சொன்னனான்?”

நான் ஓம் என்றேன்.

“அதில என்ன பிழை?”

“பிழை ஒண்டும் இல்லையடா” என்றேன். உண்மையும் அதுதான். பிறகு வந்த நாட்களில் தங்கச்சியைத் தேடி நாங்கள் இரண்டு பேரும் யார் யாரிடமோ போனோம். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைச் சொன்னார்கள், அங்கே போனால் முதல் இடத்தையே சொன்னார்கள்.

கோட்டை நான் முடித்தேன். முடிக்காமல் கத்தரிக்கோலால் கீறிப்போட வேண்டும் என்று கை துடித்தது. கீறினால் அவருக்கு ஒரு கோட் போகும். எங்களுக்கு இருந்த ஒரே வழியும் போகும். பொத்தானைக் கட்டி, மடிப்பு விழாமல் அயன் பண்ணி, தொங்கவிட்டேன்.

அதை எடுக்க ட்ரைவர்தான் வந்தான். கோட்டை வாங்கிவிட்டு, சேர் கதைக்கவேண்டுமாம் என்று தன் போனை நீட்டினான். பெரியவரின் குரல் உற்சாகமாக இருந்தது. பிள்ளை வந்து சேர்ந்ததா என்று கேட்டார். பிள்ளையை வெளியே எடுக்கத் தான் நேரடியாகத் தலையிட வேண்டியிருந்ததாம், சின்னப்பிள்ளை என்றபடியால் தன்னால் முடிந்ததாம். தாயைப் பற்றிக் கேட்டேன். “தவறு செய்யாவிட்டால் வருவாள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அதில் நான் கைவைக்க முடியாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு உதவி செய்துவிட்டதாகவே அவர் மனதார நம்பினார். எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஏசுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

பிறகு தகப்பனிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

தம்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். பிள்ளை அவனுடைய காலடியில் துண்டுத் துணிகளை அளைந்துகொண்டிருந்தது, கொஞ்சம் பழகியிருந்தது. அவன் போனை இரண்டு கையாலும் பிடித்தான். அவர் கனநேரம் கதைத்தார். இவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், அவர் பார்க்கமாட்டார் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. கடைசியில் முதுகைக் கூனிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, “பொஹொம ஸ்தூதியி, சேர். பொஹொம ஸ்தூதியி” என்று இரண்டுதரம் நன்றி சொன்னான்.

ட்ரைவர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வாகனம் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரைக்கும் தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“நானா,” என்றான், “இந்த முறை நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லத்தானே?”